குழந்தையின் அறிவை அளந்த ஆல்பிரட் பினே



மூன்றரை வயதுக் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்க அழைத்துச் செல்லும் பெற்றோர், அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் ஒரு தேர்வுக்கே தயார் செய்வதை நாம் பார்க்கிறோம். உன் பெயர் என்ன, மூக்கைத் தொட்டுக் காட்டு, இது என்ன நிறம், ஒன்று இரண்டு சொல்... குழந்தை சொல்லிவிட்டால் மகிழ்ச்சி. புதிய முகத்தைக் கண்டு வாய் திறக்காமல் நின்றுவிட்டாலோ அம்மாவின் முகம் வாடிவிடுகிறது.

இப்படிப்பட்ட கேள்விகளை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரீசு நகரில் ஒருவர் வயதுவாரியாக வரிசைப்படுத்தி வைத்தார். அவர் அதை எதற்காகச் செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்குச் சென்ற பெற்றோர் சிலர், அறிக்கையில் பினே-காமத் சோதனை என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அதில் காமத் என்பவர் நம் நாட்டவர். பினே என்பவர்தான் நாம் இங்குச் சிந்திக்கவிருக்கும் ஆல்பிரட் பினே.

அவர் 1857-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். அன்று அது சார்தீனிய அரசைச் சேர்ந்த ஊர். 1860-இல்தான் பிரான்சுடன் இணைந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். கூச்சம் மிகுந்த அச்சிறுவனின் பயத்தைப் போக்குவதற்காகத் தந்தை அவனை ஒரு பிணத்தைத் தொடச் செய்தார் என்று சொல்வதுண்டு. பயம் போயிற்றோ என்னவோ! பின்னாளில் மருத்துவப் படிப்பைத் தொடங்கிய பினே அதை முடிக்கவில்லை. 1878-இல் சட்டப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் தொழிலிலும் மனம் ஒட்டவில்லை.

மாணவப் பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் தம் ஐம்பதாவது வயதைக் கடந்த பிறகும் மறக்காமல் எழுதியிருக்கிறார். வாய்மொழித் தேர்வு ஒன்றில் கிரேக்க மெய்யியலாளர் ஒருவரின் பெயரை அவர் தவறாகச் சொல்லிவிட்டார். எரிச்சலடைந்த தேர்வாளர், இந்தப் பையனுக்கு மெய்யியல் அறிவு ஒருநாளும் வராது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். ஒரு பெயர் தவறியதற்கு வாழ்நாள் முழுமைக்கும் ஒரு தீர்ப்பு! அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகம் முழுவதும் குழந்தைகளின் அறிவைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்லப்படுபவர் ஆனார்.

படித்த படிப்பில் ஈடுபாடு இல்லாமல், பாரீசின் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து உளவியல் நூல்களைத் தாமாகவே படிக்கத் தொடங்கினார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பின்னர் சால்பேத்ரியேர் மருத்துவமனையில், அன்று ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த மருத்துவர் சார்க்கோவிடம் சேர்ந்தார். ஃபெரே என்னும் மருத்துவருடன் சேர்ந்து, வசிய உறக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் உடலருகே காந்தத்தை நகர்த்தினால் நோயின் அறிகுறி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறுகிறது என்று பெரிய கண்டுபிடிப்பாக வெளியிட்டார். பெல்ஜியத்திலிருந்து டெல்பஃப் என்னும் பேராசிரியர் நேரில் வந்து பார்த்தார். ஆய்வாளர்கள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதை நோயாளிகள் அவர்கள் முன்னிலையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறார்கள், காந்தத்திற்கு இதில் வேலையே இல்லை என்று எழுதினார். பினே முதலில் கடுமையாக எதிர்த்து வாதாடினார். பிறகு தம் தவறைப் பொதுவில் ஒப்புக்கொண்டார். 1890-இல் அந்த மருத்துவமனையை விட்டே வெளியேறினார்.

இந்தத் தோல்வியை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கேள்வி கேட்பவரின் மனதில் இருக்கும் எதிர்பார்ப்பு, பதில் சொல்பவரின் வாயில் பதிலாக வந்துவிடும் என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் குழந்தைகளிடம் பேசும்போதெல்லாம் இந்த எச்சரிக்கை அவரிடம் இருந்தது.

அப்போது அவர் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தனர். 1884-இல் அவர் கருவியல் அறிஞர் பல்பியானியின் மகள் லோரை மணந்திருந்தார். மூத்தவள் மதலேன், இளையவள் அலீஸ். மருத்துவமனை கற்றுத்தராததை இந்த இருவரும் கற்றுத்தந்தார்கள் என்றே சொல்லலாம். நடை பழகிய காலத்திலேயே இருவரும் வெவ்வேறு மாதிரி. மதலேன் பிடித்துக்கொள்ள நாற்காலியோ மேசையோ எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அடியெடுத்து வைப்பாள். அலீஸோ எதையும் பாராமல் அறையின் நடுவில் போய், பிடிமானம் இன்றித் தள்ளாடி நிற்பாள். ஒரே வீடு, ஒரே தாய் தந்தை; ஆனால் இரண்டு குழந்தைகள், இரண்டு வழிகள். இவர்களில் யார் அறிவாளி என்று கேட்பது சரியான கேள்வியாகுமா?

வில்லைகளை இரண்டு குவியலாகப் பரப்பி, எது அதிகம் என்று நான்கு வயது மகளிடம் கேட்டார். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பெரிய வில்லைகள் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அதுவே அதிகம் என்றாள் குழந்தை. கத்தி என்றால் என்ன என்றால் வெட்டுவதற்கு என்பதுபோல், பொருளை அதன் பயனைக்கொண்டே சொல்லுவாள். குழந்தை குறைவாகச் சிந்திக்கிறது என்று அவர் எழுதவில்லை. வேறுவிதமாகச் சிந்திக்கிறது என்று கண்டார். இவற்றை 1890-இல் மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தொடர்ந்து கவனித்து, 1903-இல் அவர்களுக்கு மாற்றுப்பெயர் கொடுத்து ஒரு நூலே எழுதினார்.

1891-இல் சொர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் ஊதியம் பெறாமலே சேர்ந்தார். 1894-இல் அதன் இயக்குநரானார். அதே ஆண்டில் பூச்சிகளின் நரம்பு மண்டலம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். சதுரங்க வீரர்கள், மனக்கணக்கில் வல்லவர்கள் என்று பலரையும் ஆராய்ந்தார். அவர் நாடகங்களும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதுவும் பாரீசில் மக்களை அலறவைத்த திகில் நாடகங்கள்!

அந்தக் காலத்தில் தலை பெரிதாக இருந்தால் அறிவு பெரிதாக இருக்கும் என்று கற்றவர்களே நம்பினார்கள். பினேயும் பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளின் தலையை அளந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகமிகச் சிறியதாகவே வந்தது. அந்தச் சிறிய வேறுபாடும்கூடத் தம் கை தம்மை அறியாமல் செய்த வேலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அதையே சோதித்துப் பார்த்தார். தலையை அளப்பதால் பயனில்லை என்று கண்டபின் அவ்வழியைக் கைவிட்டார்.

இனி நாம் பள்ளிக்கு வருவோம். பிரான்சில் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை வயலிலும் வீட்டிலும் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வகுப்பறைக்கு வந்தார்கள். சிலரால் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடியவில்லை. அவர்களை என்ன செய்வது? 1904-இல் அரசு லெயோன் பூர்ழுவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பினே அதில் உறுப்பினர். சோதித்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் வழக்கமான பள்ளியிலிருந்து நீக்கித் தனிப்பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்று முடிவாயிற்று. ஆனால் எப்படிச் சோதிப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரே பிள்ளைக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரைச் சூட்டுவார், இன்னொரு மருத்துவர் வேறு பெயரைச் சூட்டுவார். சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்த்த பினேக்கு இது பொறுக்கவில்லை. ஆசிரியர்களோ தொல்லை கொடுக்கும் பிள்ளைகளை வகுப்பிலிருந்து கழித்துவிட இதை ஒரு வாய்ப்பாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

தியோடர் சைமன் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து, 1905-இல் முப்பது சிறு சோதனைகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா என்பது முதல் சோதனை. கடைசிச் சோதனைகளில் பெரியவர்களே யோசிக்க வேண்டிய சொற்களின் வேறுபாடு கேட்கப்பட்டது. 1908-இல் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, சோதனைகளை வயதுவாரியாக அடுக்கினார். மூன்று வயதில் மூக்கு, கண், வாய் ஆகியவற்றைக் காட்டுவது, குடும்பப் பெயரைச் சொல்வது. நான்கு வயதில் சாவி, கத்தி, காசு ஆகியவற்றின் பெயரைச் சொல்வது. ஐந்து வயதில் சதுரத்தைப் பார்த்து வரைவது, நான்கு காசுகளை எண்ணுவது. ஆறு வயதில் வலக்கையையும் இடக்காதையும் காட்டுவது, காலை எது மாலை எது என்று சொல்வது. மேலே சொன்ன இந்தச் சோதனைகளில் பள்ளிப் பாடம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்துத் தெரியுமா என்பதைவிட, எதிரே இருப்பதைப் புரிந்துகொண்டு தீர்மானிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் அவர் பார்க்க விரும்பினார்.

சோதிக்கும் முறையையும் விரிவாக எழுதிவைத்தார். அமைதியான தனி அறை வேண்டும். குழந்தையிடம் அன்பாகப் பேச வேண்டும்; கூச்சம் தெளியக் காத்திருக்க வேண்டும்; ஊக்கப்படுத்த வேண்டும், ஆனால் விடையைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. வரிசையில் நிற்கும் பெற்றோர் நடுவில், மேசைக்குப் பின்னாலிருந்து இரண்டு நிமிடம் கேட்டு முடிப்பதை அவர் சோதனை என்று ஏற்றுக்கொண்டிருக்கவே மாட்டார்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. 1910-இல் பிரசெல்ஸ் நகரில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் இதே சோதனைகளை நடத்தியபோது, அப்பிள்ளைகள் பாரீசின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். பினே அதை மறைக்கவில்லை. தாம் சோதித்தது தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளை என்பதையும், வீட்டில் பேசும் மொழியும் வசதியும் விடைகளில் வந்துவிடுகின்றன என்பதையும் எடுத்துக்கொண்டு 1911-இல் எழுதினார். வீட்டில் புத்தகமும் பேச்சும் நிறைந்த குழந்தையையும், காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடும் தாயின் குழந்தையையும் ஒரே கேள்வியால் அளந்துவிட்டு, இருவருக்கும் கடவுள் கொடுத்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியுமா?

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 13-ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்து, மீறினால் அபராதமும் விதித்தது. இச்சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். சட்டம் வந்து கேட்காத இடத்தில் மனச்சான்று கேட்கும் அல்லவா? நம் பள்ளிகள் பல, வேறு எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பினேயிடம் திரும்புவோம். சோதித்துக் கண்டுபிடித்த பிள்ளையை அவர் என்ன செய்தார்? இதைத்தான் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 1905-இல் பாரீசின் தொழிலாளர் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள்ளேயே தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் ஏற்பட்டன. 1909-இல் அதற்கு ஒரு சட்டமும் வந்தது. அந்த வகுப்புகளில் முதலில் பாடம் நடத்தவில்லை, விளையாட்டு நடத்தினார்கள். ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாரும் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் ஒரே கூச்சல், சிரிப்பு. நாளாக ஆக நெடுநேரம் அசையாமல் நிற்கப் பழகினார்கள். நீர் நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் எடுத்துச்செல்வது, குறித்த நேரத்தில் எத்தனை புள்ளி வைக்க முடியும் என்று போட்டியிடுவது என்று இப்படியே போயிற்று. வளைந்த முதுகை நிமிர்த்தும் மருத்துவம்போல, கவனத்தையும் மன உறுதியையும் பயிற்சியால் நிமிர்த்தலாம் என்பது அவர் கருத்து. ஒருவரின் அறிவு மாறாத அளவுடையது, அதைக் கூட்டவே முடியாது என்று சொன்ன அக்கால அறிஞர்களை 1909-இல் வெளியான தம் நூலில் வன்மையாக மறுத்தார். மெய்யியல் அறிவு வராது என்று தம்மை ஒதுக்கிய தேர்வாளரின் கதையையும் அந்த நூலில்தான் எழுதினார்.

இவ்வளவு செய்தவருக்குப் பிரான்சில் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. விண்ணப்பித்தார், வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். 1911-இல் அளவுகோலை மீண்டும் ஒருமுறை திருத்தினார். அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் பாரீசில், 54-ஆம் வயதில் இறந்தார்.

அவர் இறந்த மறு ஆண்டே, மனவயதை உண்மை வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கும் வழியை ஜெர்மனியின் ஸ்டெர்ன் சொன்னார். அதுவே நுண்ணறிவு ஈவு ஆனது. அமெரிக்காவில் காடர்டு என்பவர் அளவுகோலை மொழிபெயர்த்தார். கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய, ஆங்கிலம் அறியாத ஏழைகளிடம்கூட அதைப் பயன்படுத்தினார்கள். 1916-இல் டெர்மன் அதை விரிவாக்கினார். பினே உதவிக்காகச் செய்த கருவி, அறிவு பிறப்பிலேயே முடிவானது என்று நம்பியவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது.

அதன் விளைவை ஒரு குழந்தையின் கதையில் பார்க்கலாம். வர்ஜீனியாவில் கேரி பக் என்னும் இளம்பெண், வளர்ப்பு வீட்டாரின் உறவினரால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றார். அவரைக் காப்பகத்தில் அடைத்தார்கள். பினே சோதனையில் அவருக்கு ஒன்பது வயது மனவயது என்று எழுதினார்கள். அவருடைய தாயும் ஏற்கெனவே அங்கே இருந்தார். கேரியின் குழந்தை விவியனுக்கு அப்போது ஏழு மாதம்தான். அதன் பார்வை இயல்பாக இல்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சாட்சி சொன்னார். மூன்று தலைமுறையும் அறிவற்றவர்கள் என்று முடிவு கட்டி, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டுப் பேர் ஒரு பக்கம், மறுத்தவர் ஒருவர். அவர் பியர்ஸ் பட்லர். அந்த மன்றத்தில் இருந்த ஒரே கத்தோலிக்க நீதிபதி. காரணம் எதுவும் அவர் எழுதிவைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பர் 31 அன்று, திருத்தந்தை பதினோராம் பயஸ் திருமணம் பற்றிய தம் சுற்றுமடலில், குற்றமற்ற மனிதரின் உடலை இவ்வாறு ஊனப்படுத்த எந்த அரசுக்கும் உரிமையில்லை என்று கற்பித்தார். ஆயினும் அமெரிக்காவில் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல்.

விவியன் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். சில பாடங்களில் தடுமாறினாள், சிலவற்றில் நன்றாகப் படித்தாள், நடத்தையில் நல்ல பெயர் வாங்கினாள். 1931 ஏப்ரலில் அவள் பெயர் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டு நோய்வாய்ப்பட்டு எட்டு வயதில் இறந்துபோனாள். அந்தப் பள்ளிப் பதிவேடு பல்லாண்டுகள் கழித்தே வெளிச்சத்திற்கு வந்தது.

பினேயின் தோழர் சைமன் 1961 வரை வாழ்ந்தார். பினேயின் வாழ்வை ஆராய வந்த ஒருவரிடம், தாங்கள் இருவரும் செய்த அளவுகோலை நுண்ணறிவு ஈவு என்னும் ஒற்றை எண்ணாகச் சுருக்கியது அதன் நோக்கத்திற்கே செய்த துரோகம் என்று தம் முதுமையில் அவர் சொன்னார். அரை நூற்றாண்டாக உலகமே அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.